தமிழ் ஆய்வேட்டுக்கு ஜோட்டெரோ: நெடுநாள் பயன்பாட்டில் தெரிந்தவை

ஆய்வேட்டின் நான்காம் இயலில் அடிக்குறிப்பு 17 'மேலது, ப. 45' என்று இருக்கிறது. அதற்கு முந்தைய அடிக்குறிப்பு வையாபுரிப்பிள்ளையின் நூல். நெறியாளர் சொன்னார் என்று இரண்டுக்கும் நடுவே கைலாசபதியின் மேற்கோள் ஒன்று நுழைகிறது. அந்தக் கணமே 'மேலது' கைலாசபதியைச் சுட்டத் தொடங்கிவிடும். கையால் அடிக்குறிப்பு போடுபவர்களின் ஏடுகளில் மிகுதியாகத் தென்படும் பிழை இது. வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கும்போதுதான் பெரும்பாலும் தெரியவரும். மேற்கோள்களையும் நூற்பட்டியலையும் பார்த்துக்கொள்ளும் மென்பொருளான ஜோட்டெரோவைப் பழகிக்கொள்ள இந்த ஒரு காரணமே போதும். குறிப்புகளை எப்படி இடம் மாற்றினாலும், எங்கே 'மேலது' வரவேண்டும், எங்கே ஆசிரியர் பெயரும் சுருக்கத் தலைப்பும் வரவேண்டும் என்று அதுவே கணக்கிட்டு மாற்றிவிடும்.

ஜோட்டெரோ 2006-இல் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. இலவசம், திறமூலம். 2022-இல் வந்த ஆறாம் பதிப்பில் பிடிஎஃப் வாசிப்பான் உள்ளேயே சேர்ந்தது. 2024-இல் ஏழாம் பதிப்பு வந்தது. வேர்ட், லிப்ரே ஆபிஸ், கூகுள் டாக்ஸ் மூன்றிலும் இயங்கும். ஆங்கிலக் கட்டுரைகளுக்கு இதைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கட்டுரைக்குரிய நிலையான அடையாள எண்ணான டிஓஐ எண்ணை மந்திரக்கோல் பொத்தானில் ஒட்டினால் ஆசிரியர், இதழ், தொகுதி, பக்கம் எல்லாம் நொடியில் வந்து விழும். செயற்கை நுண்ணறிவுக் கருவி கொடுத்த மேற்கோள்களைச் சரிபார்க்கவும் இது உதவும். எண்ணைப் போட்டு ஒன்றுமே வரவில்லை என்றாலோ வேறு கட்டுரை வந்தாலோ, அந்த மேற்கோளைத் தொடாதீர்கள். தானாக வரும் தலைப்புகளில் மட்டும் ஒரு வேலை பாக்கியிருக்கும். சில இதழ்கள் தலைப்பை முழுக்கப் பெரிய எழுத்தில் கொடுக்கும். தலைப்பின் மேல் வலச் சொடுக்கு போட்டு, முதற்சொல்லும் சிறப்புப் பெயர்களும் மட்டும் பெரிய எழுத்தில் தொடங்கும்படி மாற்றிச் சேமியுங்கள். அந்த வடிவிலிருந்து எம்எல்ஏ பாணி கேட்கும் வடிவத்துக்கு மென்பொருளே மாற்றிக்கொள்ளும். எதிர்த்திசையில் மாற்றத் தெரியாது. எம்எல்ஏ என்றதும் சட்டமன்றம் நினைவுக்கு வருபவர்களுக்கு: இது மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷன் வகுத்த மேற்கோள் வடிவம்.

தமிழ் நூல்களுக்கு வந்தால்தான் கை அழுக்காகும்.

ஐஎஸ்பிஎன் போட்டுத் தமிழ் நூலைத் தேடினால் பல நேரம் ஒன்றும் வராது. வந்தாலும் வெளிநாட்டு நூலகப் பட்டியல்களின் ரோமன் எழுத்துப்பெயர்ப்பில் வரும். 'சாமிநாதையர்' ஆங்கில 'சி' எழுத்தில் தொடங்கி, தலையில் கோடு போட்ட உயிரெழுத்துகளோடு நிற்பார். அதைத் திருத்தும் நேரத்தில் புதிதாகவே தட்டச்சு செய்துவிடலாம். தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் கைப்பேசியில் படமெடுத்து அந்தப் பதிவிலேயே இணைத்து வையுங்கள். பதிப்பு ஆண்டில் ஐயம் வரும்போது மறுபடி நூலகத்துக்கு ஓட வேண்டாம்.

பெயர்தான் பெரிய தலைவலி. ஜோட்டெரோவில் ஆசிரியர் பெயருக்கு இரண்டு புலங்கள்: குடும்பப் பெயர், முதற்பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்தும் இயற்பெயரும்தான். 'சாமிநாதையர்' முதல் புலத்தில், 'உ. வே.' இரண்டாம் புலத்தில் என்று போட்டு, துறை கேட்கும் பாணியில் ஒரு சோதனைப் பட்டியல் எடுத்துப் பாருங்கள். காற்புள்ளி இல்லாமல் இரண்டும் ஒட்டிக்கொண்டு வந்தால், பெயர்ப் புலத்தின் ஓரத்தில் இருக்கும் சிறு பொத்தானை அழுத்தி ஒற்றைப் புலமாக்கி, 'சாமிநாதையர், உ. வே.' என்றே தட்டுங்கள். எழுதியபடியே வரும். கட்டுரைக்குள் அடைப்புக்குறியிலும் தலைப்பெழுத்து சேர்ந்து வரும். தமிழ்த் துறைகளில் அது உறுத்தாது. இந்தச் சோதனையை ஐந்து நூல்களோடு செய்துவிடுங்கள். 200 பதிவுகள் சேர்ந்த பிறகு மாற்றுவது நரகம்.

எந்த முறையைப் பிடித்தாலும் கடைசிவரை அதையே பிடியுங்கள். 'மு.வ.', 'மு. வரதராசன்', 'வரதராசனார், மு.' என்று மூன்று விதமாகப் பதிந்தால் மென்பொருளுக்கு அவர்கள் மூன்று ஆட்கள். 'மு.வரதராசன்' என்று இடைவெளி விடாமல் தட்டினால் நான்காவது ஆள். ஒரே ஆண்டில் வந்த இரு நூல்களைப் பிரித்துக் காட்டும் ஆங்கில ஏ, பி எழுத்துக் குறியும் இதனால் விழாமல் போகும்.

பழைய நூல்களில் ஆண்டு இன்னொரு சிக்கல். தலைப்புப் பக்கத்தில் 'பிரபவ வருஷம்' என்று மட்டும் இருக்கும். அறுபதாண்டுச் சுழற்சியில் பிரபவ 1867, 1927, 1987 ஆகிய ஆண்டுகளின் சித்திரையில் தொடங்கும். எந்தச் சுற்று என்பதை அச்சகத்தையும் முகவுரையையும் வைத்து முடிவுசெய்ய வேண்டும். தமிழ் ஆண்டு இரண்டு ஆங்கில ஆண்டுகளில் பரவும் என்பதால், தை, மாசி, பங்குனி என்று மாதம் கொடுத்திருந்தால் ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். தை பிறப்பதே சனவரி நடுவில்தான். மூலத்தில் உள்ள ஆண்டுப் பெயரை 'எக்ஸ்ட்ரா' புலத்தில் குறித்து வையுங்கள். மறுபதிப்பைப் பயன்படுத்தினால் கையில் உள்ள பதிப்பின் ஆண்டுதான் தேதிப் புலத்துக்குப் போகும். பக்க எண் அந்தப் பதிப்புக்குத்தான் பொருந்தும்.

சங்கப் பாடலுக்கும் குறளுக்கும் மென்பொருளை வற்புறுத்தாதீர்கள். 'குறுந். 40', 'புறம். 192' என்பவற்றைக் கையாலேயே எழுதுங்கள். பயன்படுத்திய பதிப்பை மட்டும், நூற்பட்டியலைத் திருத்தும் பொத்தான் வழியாகத் துணைநூற்பட்டியலில் சேர்த்துவிடலாம். மதுரைத் திட்டத்தின் மின்னுரையில் எடுத்த பாடலுக்கும் பாடல் எண்ணே போதும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ஈழத்து நூல்களுக்கான 'நூலகம்' தளம் ஆகியவற்றின் வருடிய நூல்களில் வேறொரு பொறி உண்டு: பிடிஎஃப் காட்டும் பக்கம் 58 என்றால் நூலில் அச்சான பக்கம் 42-ஆக இருக்கும். அச்சான எண்ணைத்தான் கொடுக்க வேண்டும்.

'மேலது', 'ப.', 'பக்.', 'மற்றும் பிறர்' ஆகியவை வரவேண்டுமானால், மேற்கோள் வடிவத்தைத் தீர்மானிக்கும் பாணிக் கோப்பைத் திருத்தியாக வேண்டும். பயப்படும் அளவுக்கு ஒன்றுமில்லை. அது வெறும் எக்ஸ்எம்எல் உரை, நோட்பேடில் திறக்கும். துறை கேட்பதற்கு நெருக்கமான பாணியைப் பதிவிறக்குங்கள். அடிக்குறிப்பு முறை என்றால் சிகாகோ கையேட்டின் வகை. அதிலும் 'மேலது' என்பதற்கு இணையான 'ஐபிட்' உள்ளதையே தேர்ந்தெடுங்கள். சிகாகோவின் 17ஆம் பதிப்பு ஐபிட்டை ஒதுக்கிச் சுருக்கத் தலைப்பைப் பரிந்துரைப்பதால், ஜோட்டெரோவில் இரண்டும் தனித்தனிப் பாணிகளாக இருக்கின்றன. கோப்பில் 'லொக்கேல்' என்ற பகுதிக்குள் ஐபிட் என்ற சொல்லுக்கு 'மேலது', பக்கத்தின் ஒருமைக்கு 'ப.', பன்மைக்கு 'பக்.' என்று எழுதுங்கள். அதைவிட முக்கியம், பாணியின் தலைப்பையும் அடையாள முகவரியையும் மாற்றிவிட வேண்டும். மாற்றாமல் விட்டால் அடுத்த புதுப்பிப்பில் மூலப்பாணி வந்து உங்கள் திருத்தத்தின் மேல் உட்கார்ந்துகொள்ளும். பிறகு 'மேலது' இருந்த இடமெல்லாம் மறுபடி ஐபிட்தான்.

ஒருங்குறி (யூனிகோடு) அல்லாத பாமினி, வானவில் எழுத்துருக்களில் சேர்த்து வைத்த பழைய நூற்பட்டியலை அப்படியே ஒட்ட முடியாது. ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். எழுத்துமாற்றியில் போட்டு ஒருங்குறியாக்கிய பிறகே உள்ளே விடுங்கள். ஒகர ஓகாரக் கொம்புகளையும் 'ஸ்ரீ'யையும் மட்டும் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேர்டில் துணைநூற்பட்டியல் வந்ததும், தமிழ் ஓர் அளவிலும் ஆங்கிலம் ஓர் அளவிலும் நிற்பது வழக்கமான புகார். வேர்டுக்குத் தமிழ் 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்'. அதற்கான எழுத்துருவும் அளவும் தனிக் கட்டத்தில் இருக்கின்றன. வரிகளைத் தேர்ந்தெடுத்துக் கையால் மாற்றினால் அடுத்த புதுப்பிப்பில் போய்விடும். 'பிப்ளியோகிராஃபி' என்ற பத்திப் பாணியைத் திறந்து, அங்கே நிர்மலா அல்லது லதா எழுத்துருவை வைத்து அளவையும் வரி இடைவெளியையும் அமைத்தால் நிற்கும். சாய்வெழுத்து தமிழுக்கு ஒட்டாது. லதாவில் சாய்வு வடிவமே இல்லாததால் வேர்ட் நேரெழுத்தைப் பிடித்துத் தள்ளிச் சாய்க்கிறது. தமிழ் நூல் தலைப்புகளைத் தடித்த எழுத்தில் கொடுப்பதே கண்ணுக்கு நல்லது. ஒரே பாணிக் கோப்பில் ஆங்கிலத்துக்குச் சாய்வு, தமிழுக்குத் தடிப்பு என்று பிரிக்க எளிய வழி இல்லை. அது கடைசிக் கைவேலை.

அகரவரிசையும் கைவேலைதான். ஒருங்குறி அட்டவணையில் ந-வை அடுத்து ன, ர-வை அடுத்து ற. நம் நெடுங்கணக்கில் அவை இரண்டும் கடைசியில். அதனால் எந்த மென்பொருள் எந்த வரிசையைப் பிடிக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும். கல்யாணசுந்தரம் முதலிலா, கலியபெருமாள் முதலிலா என்பதைத் துறையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சேமிப்பிடம் இலவசமாக 300 எம்பி. நூல் விவரங்கள் அதில் கணக்கில்லை. இணைத்த கோப்புகள் மட்டுமே. வருடிய தமிழ் நூல்கள் கனமானவை என்பதால் சீக்கிரம் நிரம்பும். காசு கட்டுவதற்கு முன், கோப்பு ஒத்திசைவை மட்டும் நிறுத்திவிட்டு வன்வட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஜோட்டெரோவின் தரவுக் கோப்புறையைத் தூக்கி டிராப்பாக்ஸ் போன்ற மேகக் கோப்புறைக்குள் வைக்காதீர்கள். தரவுத்தளம் கெட்டுப்போகும். வாரம் ஒருமுறை மென்பொருளை மூடிவிட்டு அந்தக் கோப்புறையைப் பென்டிரைவில் நகலெடுத்தால் போதும்.

யுஜிசியின் 2018 கருத்துத் திருட்டு விதிகள்படி, பிறர் எழுத்தோடு ஒற்றுமை 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் திருத்தி, ஆறு மாதத்துக்குள் மறுபடி ஒப்படைக்க வேண்டும். முறையாகச் சுட்டிய மேற்கோள்களும் துணைநூற்பட்டியலும் அந்தக் கணக்கில் சேரா. மேற்கோள்குறி போடுவது மட்டும் உங்கள் கையில். ஜோட்டெரோ அதைச் செய்யாது.

ஒப்படைக்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்பு ஒருமுறை புதுப்பித்துவிட்டு, கோப்பை வேறு பெயரில் சேமியுங்கள். அந்த நகலில் மட்டும் 'அன்லிங்க் சைட்டேஷன்ஸ்' அழுத்துங்கள். மேற்கோள்கள் வெற்றுரையாகிவிடும், திரும்ப இணைக்க முடியாது. தடிப்பு, அகரவரிசை, ஒட்டிய பெயர்கள் எல்லாவற்றையும் அதில் திருத்துங்கள். அதற்குப் பிறகும் நெறியாளர் ஒரு பத்தியைச் சேர்க்கச் சொன்னால், மூலக் கோப்பில் சேர்த்துப் புதிய நகல் எடுத்துக் கைவேலையை மறுபடி செய்வதே சரி. வெற்றுரை நகலில் ஓர் அடிக்குறிப்பைச் சொருகினால் 'மேலது' மறுபடி பொய் சொல்லும்.