லெவல் 5 யூசரும் காணாமப் போன கான்ஃபிக்கும்: ரொம்ப நாள் ஓட்டின சுவிட்ச் பத்தி

பவர் சப்ளை போயி சர்வீஸ்ல மாத்திட்டு வந்த நெட்வொர்க் சுவிட்ச்ச (கம்ப்யூட்டருங்கள கேபிள்ல ஒண்ணா இணைக்கிற பொட்டி) போன வாரம்தான் திரும்ப ரேக்ல ஏத்தினோம். அத கேள்விப்பட்ட நண்பர் ஒருத்தர் "அதே மாடல நாங்களும் எடுக்கலாம்னு இருக்கோம், வருஷக்கணக்கா வெச்சிருக்கீங்களே, எப்படி?"ன்னு கேட்டார். போர்ட் எத்தனை, பிஓஇ (நெட்வொர்க் கேபிள் வழியாவே பவர் குடுக்கிறது) எவ்ளோ, இதெல்லாம் டேட்டாஷீட்ல இருக்கு, நான் சொல்ல வேண்டியதில்ல. ஹார்ட்வேர்ல எனக்கு ஒரு குறையும் இல்ல, பவர் சப்ளைங்கிறது எல்லாத்துலயும் போறதுதான். எனக்கு வயித்தெரிச்சல் எல்லாம் ஒரே இடத்துல, யாருக்கு எவ்ளோ ஆக்சஸ் குடுக்கிறதுங்கிற இடத்துல. கம்பெனி பேர் சொல்லல, 0ல இருந்து 15 வரைக்கும் ப்ரிவிலேஜ் லெவல் (யார் எந்த கமாண்ட் அடிக்கலாம்ங்கிற படி) வெச்சு ஓடுற சுவிட்ச் எதுவா இருந்தாலும் கிட்டத்தட்ட இதே பாடுதான்.

16 லெவல்னு கேட்டதும் அடேங்கப்பான்னு தோணும். ஆனா பொட்டிய பிரிக்கும்போது அதுல உருப்படியா இருக்குறது மூணுதான். 0ல லாக்அவுட், எக்ஸிட், ஹெல்ப் மாதிரி நாலஞ்சு கமாண்ட், 1ல பாக்க மட்டும் கொஞ்சம், 15ல எல்லாமே. நடுவுல 2ல இருந்து 14 வரைக்கும் காலி, எந்த கமாண்ட் எந்த லெவல்னு நாமளே ஒண்ணொண்ணா எழுதணும். சரி, எழுதிக்கலாம், அதுல தப்பில்ல. ஹெல்ப்டெஸ்க் பசங்களுக்கு போர்ட்ட ஷட் பண்ணி திரும்ப ஆன் பண்ற உரிமையும், விலான் (ஒரே சுவிட்ச்குள்ள பிரிச்சு வெச்ச தனித்தனி நெட்வொர்க்) மாத்துற உரிமையும் குடுத்தா போதும், அதுக்கு லெவல் 5ன்னு ஒண்ண ரெடி பண்ணேன்.

மொத நாளே ராத்திரி போன். "அண்ணா, சுவிட்ச்ல கான்ஃபிக்கே காணோம்ணா, யாரோ அழிச்சிட்டாங்க போல!" பையன் குரல் நடுங்குது. ஸ்க்ரீன்ஷாட் அனுப்ப சொன்னேன், ஷோ ரன்னிங் கான்ஃபிக் (இப்ப ஓடுற கான்ஃபிக், அதாவது சுவிட்ச்சோட செட்டிங்க காட்டுற கமாண்ட்) அடிச்சிருக்கான், பில்டிங் கான்ஃபிகரேஷன்னு ஒரு வரி, அதுக்கு கீழ சில பைட்னு ஒரு கணக்கு, நாலு ஆச்சரியக்குறி, கடைசில எண்ட். அவ்ளோதான். கான்ஃபிக் அப்படியே பத்திரமா இருக்கு, நெட்வொர்க்கும் ஓடிட்டுதான் இருக்கு. விஷயம் என்னன்னா ஒரு யூசர் தன்னோட லெவல்ல எத மாத்த முடியுமோ அத மட்டும்தான் அந்த கமாண்ட் காட்டும், மத்தத மறைச்சிடும். மறைச்சிருக்கேன்னு ஒரு வரி சொல்லலாம்ல? சொல்லாது. கணக்கு பாக்க ஆள் வெச்சிட்டு கணக்கு நோட்ட பீரோல பூட்டின மாதிரி, பிரச்சனைய கண்டுபிடிக்க வேண்டியவனுக்கு கான்ஃபிக்க கண்ணுல காட்டலேன்னா அவன் எத வெச்சு கண்டுபிடிப்பான்? இதுக்கு ஒரு வழி இருக்கு, ஷோ ரன்னிங் கான்ஃபிக் வியூ ஃபுல்னு ஒரு கமாண்ட், அத லெவல் 5க்கு இறக்கி விட்டா முழுசா தெரியும். ஆனா அப்ப பாஸ்வேர்ட் ஹாஷ் (பாஸ்வேர்ட நேரா படிக்க முடியாதபடி மாத்தி வெச்ச வடிவம்) உட்பட எல்லாமே சேர்ந்து தெரியும். ஒண்ணு குருட்டுத்தனம், இல்லேன்னா முழு நிர்வாணம், நடுவுல ஒண்ணும் கிடையாது.

இன்னொண்ணு இதவிட மோசம். ஒரு நீளமான கமாண்ட ஒரு லெவலுக்கு ஏத்தினா அதுக்கு முன்னாடி வர்ற வார்த்தைங்களும் கூடவே ஏறிடும். ஷோ ஐபி ட்ராஃபிக்க 15க்கு ஏத்தினா ஷோ, ஷோ ஐபி ரெண்டும் 15க்கு போயிடும், தனியா வேற லெவல் எழுதி வெக்கலேன்னா கீழ இருக்குறவனுக்கு ஷோவே போச்சு. அப்புறம் இன்டர்ஃபேஸ், அதாவது போர்ட், வாரியா உரிமைய பிரிக்கவே முடியாது. லெவல் 5 ஆளுக்கு இன்டர்ஃபேஸ் கமாண்டும் ஷட்டவுனும் குடுத்தாச்சுன்னா அவன் டெஸ்க் போர்ட்டையும் ஷட் பண்ணலாம், அப்லிங்க்கையும் (இந்த சுவிட்ச்ச மத்த நெட்வொர்க்கோட இணைக்கிற போர்ட்) ஷட் பண்ணலாம். இந்த போர்ட் மட்டும் தொடாதன்னு சொல்ல லெவல்ல இடமே இல்ல. வியூன்னு இன்னொரு முறை இருக்கு, அது இதவிட நயமானது, நான் ஒத்துக்கிறேன், ஆனா அதுல ஒவ்வொரு கமாண்டா சேர்த்துக்கிட்டு உக்காரணும், ஒரு சுவிட்ச்னா செய்யலாம், தளத்துக்கு தளம் சுவிட்ச் இருக்குற இடத்துல எவன் செய்வான். கடைசில என்ன நடக்குது, எல்லா எடத்துலயும் எல்லாருக்கும் 15 குடுத்துட்டு போயிடுறாங்க. என் கோவம் அதுலதான். ஆக்சஸ்ஸ குறைக்கறதுக்குன்னு வெச்ச வசதி ஆக்சஸ்ஸ கூட்டுறதுக்கு காரணமாயிடுது.

சரி, நியாயமா நல்லதையும் சொல்லணும். லாகின் பாதுகாப்புல இந்த சுவிட்ச் எனக்கு நெஜமாவே சந்தோஷம் குடுத்திருக்கு. லாகின் பிளாக்ஃபார்னு ஒரே ஒரு வரி, 60 செகண்டுக்குள்ள 3 தடவ தப்பா அடிச்சா 120 செகண்ட் கதவ சாத்துன்னு எழுதி வெச்சேன். ஒரு நாள் உள்ள இருந்த ஒரு மெஷின் மால்வேர் பிடிச்சு எஸ்எஸ்எச்ல (நெட்வொர்க் வழியா என்க்ரிப்ஷனோட லாகின் பண்ற முறை) பாஸ்வேர்ட் அடிச்சு அடிச்சு பாத்துருக்கு, லாக்ல பாத்தா வரிசையா தோல்வி, உடனே கொயட் மோடுன்னு, அதாவது கதவ சாத்திட்டேன்னு, மெசேஜ், எந்த ஐபில இருந்து வந்துச்சுங்கிறது உட்பட தெளிவா. அஞ்சு நிமிஷத்துல அந்த மெஷின கண்டுபிடிச்சு கேபிள கழட்டிட்டோம். இதுல ஒண்ணு மட்டும் கவனிங்க, கொயட் மோட்ல அட்மினுக்கும் சேத்துதான் கதவு அடைப்பு, அதனால கொயட் மோட் ஆக்சஸ் கிளாஸ்ல உங்க மேனேஜ்மென்ட் ஐபிய ஒரு ஏசிஎல் (எந்த ஐபிய விடலாம்னு சொல்ற பட்டியல்) போட்டு விட்டுடுங்க. இல்லேன்னா உள்ள புகுறதுக்கு வந்தவனே உங்கள வெளிய நிறுத்தி வெச்சிடுவான்.

பாஸ்வேர்ட் சேமிக்கிற விதமும் இப்ப நல்லா இருக்கு, ஆனா அது நாம கேட்டாதான் நல்லா இருக்கும். பாஸ்வேர்ட்னு எழுதிட்டு என்க்ரிப்ஷன் சர்வீஸ ஆன் பண்ணா அது டைப் 7, பாக்கத்தான் புரியாத எழுத்தா இருக்கும், நொடில திருப்பி படிச்சிடலாம். கான்ஃபிக்க சப்போர்ட்டுக்கு மெயில் அனுப்புறவங்க இத நெனச்சு பாக்கணும். சீக்ரெட்னு எழுதணும், அதுலயும் பழைய டைப் 5 எம்டி5 ஹாஷ், அத விட்டுட்டு 8 இல்ல 9 போடுங்க. 8ங்கிறது பிபிகேடிஎஃப்2, 9ங்கிறது எஸ்கிரிப்ட், ரெண்டையும் உடைக்கிறது லேசுப்பட்ட வேல இல்ல. எக்ஸெக் டைம்அவுட் (சும்மா விட்ட லாகின தானா மூடுற நேரம்) சொல்லாமலே 10 நிமிஷம் இருக்கு, அத தொந்தரவுன்னு சொல்லி மூடவே மூடாதபடி 0 0 போட்டுட்டு கன்சோல தொறந்தே விட்டுட்டு போறவங்கள பாத்தா எனக்கு ரத்தம் கொதிக்குது. விடிஒய்ல (நெட்வொர்க் வழியா லாகின் ஆகுற லைன்) என்க்ரிப்ஷன் இல்லாத டெல்நெட்ட எடுத்துட்டு எஸ்எஸ்எச் மட்டும் விடுறது பத்தி நான் சொல்லி தெரிய வேண்டியதில்ல.

லெவல் தலைவலிக்கு நெஜமான மருந்து டக்காக்ஸ் ப்ளஸ்தான், லாகினையும் அனுமதியையும் தனியா ஒரு சர்வர்ல வெச்சு பாக்குற முறை. ஒவ்வொரு கமாண்டையும் சர்வர் கிட்ட கேட்டு அனுமதிக்கும், யார் எப்ப என்ன அடிச்சாங்கன்னு பதிவும் ஆகும், அதே மாதிரி இன்னொரு முறையான ரேடியஸ்ல அந்த கமாண்ட் வாரியான அனுமதி கிடையாது. டக்காக்ஸ் ப்ளஸ்ஸ 2020ல ஆர்எஃப்சி 8907ங்கிற இன்டர்நெட் நெறிமுறை ஆவணமா எழுதி வெச்சாங்க, அந்த ஆவணமே இதோட மறைப்ப வலுவான என்க்ரிப்ஷன்னு சொல்லல, அதனால மேனேஜ்மென்ட் விலானுக்குள்ளயே வெச்சுக்கறது உத்தமம். ஃபால்பேக்குக்கு, அதாவது சர்வர் கிடைக்காத நேரத்துக்கு, சுவிட்ச்லயே ஒரு லோக்கல் யூசரும் வெக்கணும், ஆனா சர்வர் பதிலே சொல்லலேன்னாதான் லோக்கலுக்கு போகும், சர்வர் உசுரோட இருந்து மாட்டேன்னு சொல்லிட்டா போகாது, இந்த வித்தியாசம் தெரியாம தவிச்சவங்க நெறைய பேர்.

இவ்ளோ நல்லது சொன்னதுக்கு அப்புறமும் நண்பர் கிட்ட வேணாம்னுதான் சொன்னேன். டக்காக்ஸ் சர்வர் வெச்சு நடத்துற ஆள் அவர் டீம்ல இல்ல, சின்ன டீம், மூணு பேர் மாறி மாறி பாக்குறாங்க, அந்த மாதிரி எடத்துல லெவல்தான் ஒரே கதி, அந்த லெவல நம்பி இத வாங்க கூடாது. இன்னிக்கு இருக்குற கடுப்புல நான் சொல்றது கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கலாம், ஆனா வேற எத எடுத்தாலும் வாங்குறதுக்கு முன்னாடி டெமோ கேளுங்க, ஒரு லெவல் 5 யூசர அவங்களையே போட சொல்லி, அந்த யூசர்லயே உள்ள போயி ஷோ ரன்னிங் கான்ஃபிக் அடிச்சு காட்ட சொல்லுங்க.