கிற்றாருக்குள் சார்ஜ் பற்றரி: மூன்று வருஷம் பாவித்த பிறகு

என்னுடைய எலெக்ட்ரிக் கிற்றாரில் இருப்பவை இஎம்ஜி கம்பனியின் இரண்டு அக்டிவ் பிக்கப்கள், அதாவது கம்பியின் அதிர்வைப் பிடித்து ஆம்புக்கு அனுப்புகிற, பற்றரியில் ஓடுகிற பாகங்கள். உள்ளே 9 வோல்ற் பற்றரி இல்லாவிட்டால் சத்தமே வராது. கிளிநொச்சியில் ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்திலும், திருவிழாக் காலத்தில் இசைக்குழுவோடும் வாசிக்கிறேன்.

2022 பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம்வரை கரண்ட் நின்றதே, அந்த நாள்களில் இங்கே கைக்குக் கிடைத்தது மலிவான காபன் பற்றரிதான். ஒன்று உள்ளேயே கசிந்து கிளிப்பைப் பச்சை பிடிக்க வைத்துவிட்டது. கிளிப்பை மாற்றிய கையோடு சார்ஜ் பற்றரிக்குப் போனேன்.

முதலில் வாங்கியது, யூஎஸ்பி வயரை நேரே செருகுகிற லித்தியம் பற்றரி. பவர் பாங்கிலும் சார்ஜ் ஏறும். கிளீன் சத்தத்தில், அதாவது எதுவும் சேர்க்காத சத்தத்தில், ஒரு குறையும் இல்லை. சத்தத்தைக் கரகரப்பாக்குகிற டிஸ்டோர்ஷன் போட்டதும் நுளம்பு காதடியில் பாடுகிற மாதிரி ஒரு கீச்சொலி. கிற்றார் வயரை மாற்றினேன், ஆம்பை மாற்றினேன், ஏர்த் பார்த்தேன். சார்ஜ் பண்ணாத பழைய வகைப் பற்றரி ஒன்றைப் போட்டதும் கீச்சொலி நின்றது.

காரணம் பிறகுதான் விளங்கியது. அதற்குள் இருப்பது 3.7 வோல்ற் செல் ஒன்று. சின்னச் சுற்று ஒன்று அதை 9 வோல்ற்றுக்கு உயர்த்துகிறது. அந்தச் சுற்று வேகமாக அணைந்து அணைந்து எரிகிற சுவிட்ச் மாதிரி. எடுக்கிற கரண்ட் மிகக் குறைந்தால் அதன் வேகமும் குறைந்து, காதுக்குக் கேட்கிற அளவுக்கு இறங்கிவிடும். இஎம்ஜி 81 என்ற வகைப் பிக்கப் ஒன்று எடுப்பது 80 மைக்ரோ அம்பியர்தான். கிற்றார் சிக்கனமாக இருப்பதே இங்கே வினை. அதே பற்றரி இப்போது சுருதி பார்க்கிற என் டியூனர் பெடலில் இருக்கிறது, அது கூடக் கரண்ட் எடுப்பதால் அங்கே ஒரு சத்தமும் இல்லை.

அதைவிடப் பெரிய குறை, அது சொல்லிவிட்டுச் சாகாது. கடைசிவரை 9 வோல்ற் காட்டிவிட்டு ஒரேயடியாக நின்றுவிடும். ஒரு திருவிழா இரவில் பாட்டின் நடுவில் அப்படி நின்றது. சவுண்ட் அண்ணை ஓடிவந்து, "தம்பி, வயர் கழண்டு போச்சோ?" என்று கேட்டார். அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்புறம் வவுனியாவில் வாங்கியது நிக்கல் மெற்றல் ஹைட்ரைட் வகை, 8.4 வோல்ற், 200 மில்லி அம்பியர் மணி. இதில் உயர்த்துகிற சுற்று இல்லை, 1.2 வோல்ற் செல்கள் ஏழு மட்டும். ஆகவே கீச்சொலியும் இல்லை. பலம் குறையும்போது முதலில் சத்தம் கரகரக்கும், அதுவே எச்சரிக்கை. ஆறு செல் போட்ட 7.2 வோல்ற் பற்றரியும் 9 வோல்ற் என்ற பெயரில்தான் விற்கிறார்கள். பின்பக்கத்து எழுத்தை வாசித்துத்தான் வாங்க வேண்டும். சில பற்றரிகள் கொஞ்சம் தடிப்பு. என் கிற்றாரின் பெட்டிக்குள் ஒன்று இறுகி, எடுக்கப் பட்ட பாடு கொஞ்சமில்லை.

இரண்டு பிக்கப்புக்கும் சேர்த்து 160 மைக்ரோ, அதாவது 0.16 மில்லி அம்பியர் என்றால், 200ஐ அதால் பிரித்த கணக்குப்படி 1,250 மணி நேரம் வாசிக்கலாம். உண்மையில் அதுவரை போகாது. இந்த வகை சும்மா இருந்தாலும் சார்ஜ் இறங்கும், சூடு கூடினால் இன்னும் வேகமாக இறங்கும். எங்கள் தகரக் கூரை அறையின் ஆவணி வெயிலில் அதை நன்றாகவே கண்டேன். சார்ஜை நெடுநாள் பிடித்து வைக்கிற வகை என்று போட்டிருப்பதை வாங்கிய பிறகு அந்தக் கவலை பெரும்பாலும் தீர்ந்தது.

இன்னொன்று, அக்டிவ் கிற்றாரில் வயரைச் செருகுவதுதான் சுவிட்ச். வாசித்து முடிந்ததும் பிடுங்காவிட்டால் இரவெல்லாம் பற்றரி ஓடிக்கொண்டே இருக்கும்.

காசு மிச்சம் பிடிக்க மட்டும் என்றால் கிற்றாருக்குச் சார்ஜ் பற்றரி அவசியமில்லை. சார்ஜ் பண்ணாத நல்ல அல்கலைன் பற்றரி ஒன்றே பல மாதம் தாங்கும். ஆனால் அந்த நல்லது இங்கே தேடுகிற நேரத்தில் கிடைப்பதில்லை, அதனால்தான் நான் இதை விடவில்லை. இரண்டு பற்றரி மாறி மாறி ஓடுகின்றன. நிகழ்ச்சிக்கு முதல் நாள் மாலை மீற்றரை வைத்துப் பார்ப்பேன். 8 வோல்ற்றுக்குக் கீழே காட்டினால் அது சார்ஜருக்குப் போகும், மற்றது உள்ளே போகும்.