ஸ்கேனரா, மீட்டரா, மெக்கானிக்கின் காதா? வடசென்னையில் ஓடும் பழைய காருக்கு எது கைகொடுக்கும்

தண்டையார்பேட்டையில் வீடு, திருவொற்றியூர் தாண்டி வேலை. இந்தப் பாதையில் 2004 மாடல் சின்ன பெட்ரோல் கார் ஒன்றை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். 15 வருடம் முடிந்து ஆர்.சி.யைப் புதுப்பித்து வைத்திருக்கும் வண்டி. இந்த வயதில் கோளாறு வரத்தான் செய்யும். ரிப்பேர் செலவு பெரும்பாலும் தாங்கக்கூடியதாகவே இருக்கும். கோளாறு எங்கே என்று தெரியாமல் நல்ல பொருளை மாற்றுவதில்தான் பணம் கரையும். பேட்டரி மாற்றி, செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) மாற்றி, கடைசியில் ஒரு போல்ட்டை முறுக்கியதும் வண்டி சரியான கதை இந்தப் பக்கம் தெருவுக்கு ஒன்று கிடைக்கும்.

கோளாறைக் கண்டுபிடிக்க நம் கையில் மூன்று வழிகள் இருக்கின்றன. ஃபோனோடு ப்ளூடூத்தில் இணையும் ஸ்கேனர். வோல்ட், கரன்ட், ஓம் அளக்கும் மல்டிமீட்டரும், வயரில் கரன்ட் இருந்தால் எரியும் டெஸ்ட் லாம்பும். அப்புறம், தெருமுனையில் இருக்கும் அனுபவசாலி மெக்கானிக்கின் காதும் கையும். மூன்றையும் பயன்படுத்திப் பார்த்துவிட்டு நான் மீட்டர் பக்கம் சாய்ந்துவிட்டேன். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஸ்கேனர். சில நூறு ரூபாயிலேயே கிடைக்கிறது என்பதால் எல்லோரும் இதைத்தான் முதலில் வாங்குகிறார்கள். ஆனால் உங்கள் வண்டியின் வருடத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். இந்த ஸ்கேனர் பேசுவது ஓ.பி.டி-2 என்ற பொது முறையில். அமெரிக்காவில் அது கட்டாயமானது 1996 மாடல் வருடத்திலிருந்து. நம் நாட்டில் அது 2013 ஏப்ரலில்தான் வந்தது. கார்புரேட்டர் வைத்த அம்பாசடர், பத்மினி, மாருதி 800 இவற்றில் ஸ்கேனரைச் செருக இடமே கிடையாது. நடுவில் வந்த, கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் வைத்த எம்.பி.எஃப்.ஐ. வண்டிகள்தான் குழப்பம். ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் இருக்கும், செருகினால் ஸ்கேனரில் விளக்கும் எரியும், ஆனால் ஆப்பில் 'இணைக்க முடியவில்லை' என்று வரும். கம்பெனிகள் அந்தக் காலத்தில் தங்களுக்கென்று தனி முறை வைத்திருந்தன. அந்த வண்டிக்கென்றே வரும் கருவி இருந்தால்தான் கோடை, அதாவது வண்டி பதிந்து வைக்கும் கோளாறு எண்ணைப் படிக்க முடியும்.

2013-க்குப் பிந்தைய வண்டி என்றால் ஸ்கேனர் நிஜமாகவே உதவும். மிஸ்ஸிங் (பெட்ரோல் சரியாக எரியாமல் இன்ஜின் உதறுவது) எந்த சிலிண்டரில் என்று பி0301, பி0302 என எண்ணோடு சொல்லும். பெட்ரோல் அளவு எவ்வளவு கூட்டிக் குறைக்கப்படுகிறது என்று காட்டும் ஃப்யூவல் ட்ரிம் பார்த்து எங்கோ காற்று உள்ளே இழுக்கிறது என்று ஊகிக்கலாம். ஆனால் ஸ்கேனருக்குத் தெரிந்தது, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யூ.வுக்குத் தெரிந்தது மட்டும்தான். பழைய சின்ன கார்களில் செல்ஃப், ஹெட்லைட், ஹாரன், வைப்பர், கேபின் ஃபேன் மோட்டார் எல்லாம் ஈ.சி.யூ. எட்டிப் பார்க்காத இடங்கள். எனக்கு வந்த தொல்லைகளில் பெரும்பகுதி அங்கேதான் வந்தது.

மெக்கானிக்கின் காது பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. எண்ணூரில் அசோக் லேலண்டும் பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலையும் இருக்கும் பகுதி இது. இரும்பைத் தொட்டுப் பழகிய கைகளுக்குப் பஞ்சமில்லை. டேப்பெட் சத்தமா, இன்ஜின் மவுன்ட் போய்விட்டதா, கிளட்ச் வழுக்குகிறதா என்பதை ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டுச் சொல்லிவிடுவார்கள். ஓடும்போது ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் லேசாக ஒடித்து, முனகல் எப்போது கூடுகிறது என்று பார்த்தே எந்தச் சக்கரத்தின் பேரிங் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நீளமான ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதில் வைத்து நுனியை இன்ஜினில் தொட்டு, வாட்டர் பம்ப்பா ஆல்டர்னேட்டரா என்று பிரித்துச் சொல்வதை எந்த ஆப்பும் செய்துவிடாது. மெக்கானிக்கல் கோளாறுக்கு என் ஓட்டு இன்றும் இவர்களுக்குத்தான்.

கரன்ட் விஷயம் வந்தால்தான் இதே கைகள் தடுமாறுகின்றன. கரன்ட்டுக்குச் சத்தம் இல்லை. அதனால் 'மாத்திப் பார்க்கலாம்' என்ற முறைக்குப் போய்விடுகிறார்கள். மாற்றிப் பார்க்கிற பொருள் அவர்களுடையது, பில் நம்முடையது.

இனி மீட்டர். நான் இதன் பக்கம் நிற்க ஒரே ஒரு காரணம் போதும்: எர்த், அதாவது கரன்ட் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு.

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டியே வாழ்கிறோம். உப்புக் காற்று ராத்திரி முழுக்க வண்டிமேல் படிகிறது. அதன்மேல் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் தூசி. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். வயர் நுனியில் இருக்கும் செம்பு வளையமான லக்கும் இரும்பு பாடியும் சேரும் இடத்தில் ஈரமும் உப்பும் இருந்தால் அரிப்பு வேகமாகிவிடும். பழைய காரில் பேட்டரியின் நெகட்டிவ் பாடிக்குப் போகிறது, பாடியிலிருந்து இன்ஜினுக்கு ஒரு பட்டை போகிறது, விளக்குகள் ஒவ்வொன்றும் பக்கத்துத் தகட்டிலேயே எர்த் எடுக்கின்றன. இத்தனை இடங்களிலும் மெல்ல மெல்ல துரு ஏறும். வயர் அறுந்திருக்காது, ஃப்யூஸ் போயிருக்காது, பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். ஆனால் கரன்ட் திரும்பி வரும் வழி குறுகிப்போயிருக்கும்.

இது எவ்வளவு சின்ன தடை என்று பாருங்கள். சின்ன காரிலேயே செல்ஃப் சுற்றும்போது 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வழியில் வெறும் 0.01 ஓம் தடை இருந்தால் போதும், 1 வோல்ட் அங்கேயே போய்விடும். இந்த 0.01 ஓமை மீட்டரின் ஓம் மோடில் வைத்துப் பிடிக்க முடியாது. மீட்டர் வயர்களை ஒன்றோடொன்று தொட்டாலே 0.2, 0.3 என்று காட்டும். 'பீப் சத்தம் வருது, எர்த் ஓகே' என்று சொல்லி விட்டுவிடுவது இதனால்தான். கரன்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது எவ்வளவு வோல்ட் விழுகிறது என்று பார்ப்பதுதான் சரியான முறை. வோல்டேஜ் ட்ராப் என்பார்கள்.

என் வண்டியில் காலையில் செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றும். மதியம் சூடான இன்ஜினில் 'டக்' என்ற சத்தத்தோடு நின்றுவிடும். பார்த்த எலக்ட்ரீஷியன் அண்ணன், "தம்பி, பேட்டரி வீக்குப்பா. மாத்திடு, இல்லாட்டி செல்ஃபை இறக்கிப் பார்த்துடலாம்" என்றார். "இறக்கறதுக்கு முன்னாடி எர்த்தை ஒரு தடவை பார்த்துடலாம்ண்ணே" என்று மீட்டரை எடுத்தேன்.

நின்றிருந்த வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட், அதாவது முழு சார்ஜ். செல்ஃப் சுற்றும்போது 10.8. பொதுவாக 9.6-க்குக் கீழே போனால்தான் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டும். சரி, பேட்டரி நிரபராதி. அடுத்து மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவின் ஈயப் போஸ்ட்டிலேயே வைத்தேன், அதைப் பிடித்திருக்கும் வயர் கிளாம்ப்பில் இல்லை. சிவப்பு முனை இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட் தலையில். அண்ணன் சாவியைத் திருப்பினார். 0.9 வோல்ட். இங்கே 0.2-க்கு மேல் வரக்கூடாது.

அப்புறம் முனையை ஒவ்வொரு இடமாக நகர்த்தினேன். போஸ்ட்டுக்கும் கிளாம்ப்புக்கும் நடுவே 0.05. கிளாம்ப்பிலிருந்து பாடிக்கு 0.1. பாடியிலிருந்து இன்ஜினுக்கு 0.75. கோளாறு இன்ஜின் எர்த் பட்டையில். கியர்பாக்ஸ் பக்கம் கைவிட்டு அந்த போல்ட்டைக் கழற்றினால் லக்கின் அடியில் பச்சையும் காவியும் கலந்த மாவு. உப்புத்தாள் போட்டு லக்கையும் போல்ட் உட்காரும் இடத்தையும் பளிச்சென்று தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவினோம். திரும்பப் பார்த்தபோது மொத்தமே 0.2-க்குள் வந்திருந்தது. செல்ஃப் ஒரே திருப்பில் எடுத்தது. அந்த பேட்டரி இன்றும் அதே வண்டியில்தான் இருக்கிறது. அண்ணன் அடுத்த வாரமே ஒரு மீட்டர் வாங்கிவிட்டார். அதில் எனக்கு ரொம்ப சந்தோஷம்.

நீங்களே செய்வதாக இருந்தால் நியூட்ரலில் வைத்து ஹேண்ட்பிரேக் போட்டுக்கொள்ளுங்கள். இன்ஜின் ஸ்டார்ட் ஆகிவிடாமல் இருக்க, ஃப்யூவல் பம்ப் ஃப்யூஸை எடுத்துவிட்டு, லைனில் மிச்சமிருக்கும் பெட்ரோல் தீர்ந்து அதுவாக அணையும்வரை ஓடவிடலாம்.

இதே முறை ஹெட்லைட்டுக்கும் பொருந்தும். வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் சாதாரண ஃபிலமென்ட் பல்பின் வெளிச்சம் சுமார் 30 சதவீதம் குறையும். மங்கலாக எரிகிறது என்று கூடுதல் வாட்ஸ் பல்ப் போடுவதற்கு முன், விளக்கை எரியவிட்டு அதன் எர்த் வயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே எத்தனை வோல்ட் என்று பாருங்கள். துருப்பிடித்த வழியில் பெரிய பல்ப் போட்டால் பல்பைச் செருகும் கப்ளர்தான் உருகும்.

ஸ்கேனர் வைத்திருப்பவர்களுக்கும் இது அவசியம் என்பேன். ஈ.சி.யூ.வின் எர்த் துருப்பிடித்தால் சென்சார்கள் அனுப்பும் அளவு எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் தப்பாகத் தெரியும். ஸ்கேனர் மூன்று நான்கு சென்சார்களின் பெயரை ஒரே நேரத்தில் சொல்லும். ஒரே நாளில் நான்கு சென்சார் போவது அபூர்வம். அவற்றுக்குப் பொதுவான எர்த்தையும், அவற்றுக்குக் கரன்ட் தரும் 5 வோல்ட் லைனையும்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கோடில் வந்த பெயரை அப்படியே கடைக்காரரிடம் சொல்லி சென்சார் வாங்கினால் பணம் வீண்.

மழை வெள்ளத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2015 டிசம்பரும் 2023-இன் மிக்ஜாம் புயலும் இந்தப் பகுதி வண்டிகளை என்ன செய்தன என்று நமக்குத் தெரியும். தரைவிரிப்பு காய்ந்துவிட்டது, வண்டி ஓடுகிறது என்று விட்டுவிடுகிறோம். ஆனால் தண்ணீர் வயரின் உறைக்குள்ளே செம்பு இழைகளுக்கு நடுவில், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஏறிவிடும். மாதங்கள் கழித்து ஒருநாள் ஃப்யூவல் பம்ப் நிற்கும், பின் விளக்கு மினுக்கும். வெளியே உறை பளபளவென்று இருக்கும், உள்ளே செம்பு கறுத்துப்போயிருக்கும். இதைக் கண்ணால் கண்டுபிடிக்கவே முடியாது.

இங்கே டிஜிட்டல் மீட்டருக்கும் ஒரு குறை உண்டு. அது எடுக்கும் கரன்ட் அவ்வளவு சொற்பம் என்பதால், ஒரே ஒரு இழை மிச்சமிருக்கும் வயரிலும் அழகாக 12 வோல்ட் காட்டும். பல்ப் வைத்த பழைய டெஸ்ட் லாம்ப் அப்படி ஏமாறாது, மங்கிக் காட்டிக் கொடுத்துவிடும். அதனால் இரண்டும் சேர்ந்து இருக்கட்டும். ஆனால் டெஸ்ட் லாம்பை ஈ.சி.யூ.வுக்கோ ஏர்பேக்குக்கோ போகும் வயர்களில் வைக்கவே கூடாது. அது இழுக்கும் கரன்ட்டே அங்கே சேதம் செய்துவிடும்.

மீட்டரைப் பராமரிப்பதும் பெரிய வேலை இல்லை. 9 வோல்ட் பேட்டரியைப் பார்த்துக்கொள்ளுங்கள். சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையில் மறந்து விட்டுவிட்டு வோல்ட் பார்க்காதீர்கள், ஷார்ட் ஆகிவிடும். ராத்திரியில் பேட்டரி இறங்குகிறது என்றால் அந்தத் துளை தேவைப்படும். எல்லாம் அணைத்து, கதவு மூடி, நெகட்டிவ் கிளாம்ப்பைக் கழற்றி அதற்கும் போஸ்ட்டுக்கும் நடுவே மீட்டரை வைத்து, கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் ஒவ்வொரு ஃப்யூஸாக எடுத்துப் பாருங்கள். எந்த ஃப்யூஸை எடுத்ததும் எண் விழுகிறதோ அந்த லைன்தான். அப்படித் தேடும்போது சாக்கெட்டிலேயே விட்டுவைத்த மலிவான ஸ்கேனரே குற்றவாளியாக இருப்பதும் உண்டு. சாவியை எடுத்தாலும் அந்த சாக்கெட்டில் கரன்ட் இருந்துகொண்டேதான் இருக்கும்.

மீட்டர் எட்டாத இடம் இன்ஜினின் உள்ளே. புகை, பிக்கப் குறைவு, ஆயில் குடிப்பது என்றால் கம்ப்ரெஷன் கேஜ்தான். சிலிண்டர்களுக்கு நடுவே வித்தியாசம் 10, 15 சதவீதத்தைத் தாண்டினால் கவலைப்படலாம். குறைவான சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுத் திரும்பப் பார்க்க வேண்டும். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வோ ஹெட் கேஸ்கெட்டோ. இதை மெக்கானிக்கிடமே விடுகிறேன். டீசல் வண்டிகளிலும் ஆட்டோமேட்டிக் கியரிலும் என் கை அதிகம் பழகியதில்லை. அதனால் மேலே சொன்னதைப் பழைய பெட்ரோல் கார்களுக்கு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

2013-க்கு முந்தைய கார் என்றால் ஸ்கேனருக்குச் செலவழிக்காமல் நல்ல மீட்டர், ஒரு டெஸ்ட் லாம்ப், உப்புத்தாள் வாங்குங்கள். அதற்குப் பிந்தையது என்றால் ஸ்கேனரும் இருக்கட்டும், ஆனால் எர்த் பார்த்த பிறகு கோடை நம்புங்கள். எர்த் தேய்க்கப் பேட்டரியைக் கழற்ற வேண்டிவரும், பல வண்டிகளில் அதோடு கோடும் அழிந்துபோகும். அதனால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்பே கோடுகளை ஃபோனில் படம் எடுத்துவிடுங்கள்.