எண்ணூரா, பழவேற்காடா?

சென்னை ராயபுரத்திலிருந்து ஞாயிறு காலை குடும்பத்தோடு காரில் வடக்கே கிளம்பினால் வழி இரண்டு.

கடலோரமாக எண்ணூர் என்றால் அரை நாள் போதும். 1856-இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்கள், காசிமேட்டு மீன் ஏலம், திருவொற்றியூர் வடிவுடையம்மன், கடைசியில் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரம். ஆனால் வழியெங்கும் கன்டெய்னர் லாரிகள். டீசல் புகையும் கருவாட்டு வாசனையும் கலந்தடிக்க, முந்தானையால் மூக்கைப் பொத்திய எங்கள் அத்தை கோயில் வாசலில்தான் கையை எடுத்தார்.

பழவேற்காட்டுக்கு முழு நாள் வேண்டும். மீஞ்சூர், பொன்னேரி தாண்டினால் உப்பங்கழி விரிகிறது. குளிர்காலத்தில் பூநாரைகளும் உண்டு. டச்சுக்காரர் கல்லறை வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகளை விட்டுப் பிள்ளைகள் நகரவே இல்லை. சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போய்விடுங்கள்.

பிள்ளைகள் இருந்தால் என் ஓட்டு பழவேற்காட்டுக்கு. பெரியவர்களோடு என்றால் எண்ணூர். காசிமேட்டை மட்டும் ஏழு மணிக்குள் பார்த்துவிடணும்.