கம்பத்து (கிராமத்து) வீட்டு பாலி செப்டிக் டேங்க்: டேங்க் ஓகே, மூடிதான் பிரச்சனை

இங்க மலேசியாவுல, நிபோங் திபால்ல வீடு கட்டிக்கிட்டு இருக்கிற மச்சான் ஒருத்தன் வாட்சப்ல கேட்டான், உங்க வீட்டு பாலி செப்டிக் டேங்க் (கக்கூஸ் கழிவுக்குப் புதைக்கிற பிளாஸ்டிக் தொட்டி) எப்படி, நானும் அதே போடலாமான்னு. கேட்ட நேரம் சரியில்ல, இப்பத்தான் டேங்க் அடியில தங்கின கசடு எடுக்க காசு அழுதுட்டு உக்காந்திருக்கேன்.

டேங்க குறை சொல்ல மாட்டேன். எங்க கம்பத்துக்கு கழிவுநீர் பைப் லைன் வரல, அவனவன் வீட்டுக்கு அவனவன் டேங்க்தான். கரண்டு வேணாம், மோட்டர் வேணாம், கெட்டி அடியில தங்கிடும், எண்ணெய் கொழுப்பு மேல மிதக்கும், நடுவுல உள்ள தண்ணி மட்டும் அடுத்த அறைக்குப் போயி வெளிய வரும், காத்தில்லாம வாழுற கிருமிங்கதான் உள்ள வேலை பாக்குது. தீபாவளிக்கு ஈப்போ சொந்தம் மொத்தமும் வந்து தங்கினப்ப கூட நாத்தமே இல்ல, அடைப்பும் இல்ல. அம்மா கையில குளோராக்ஸ் (பிளீச்) பாட்டில் மட்டும் சிக்கக்கூடாது, அள்ளி ஊத்தினா அந்த கிருமிங்க செத்துரும்.

ஆனா அந்த மூடி! கொன்ட்ரெக்டர் சமையல்கட்டுக்குப் பின்னால டேங்க புதைச்சு, மேல சிமெண்ட் பூசி, டைல்ஸும் ஒட்டிட்டுப் போயிட்டாரு, பாக்க நீட்டா இருக்கணுமாம். 2021ல இருந்து ரெண்டு வருசத்துக்கு ஒருதடவை கசடு எடுத்தே ஆகணும்னு சட்டம் இருக்கு, அப்ப ஒவ்வொரு தடவையும் நான் உளியும் சுத்தியலுமா நிக்கணுமா? கசடு உறிஞ்சுற லோரி எங்க சந்துக்குள்ள வராது, ரோட்டுல நிறுத்தி வீட்டச் சுத்தி ஹோஸ் இழுத்தா எட்டல, திரும்பிப் போயி நீள ஹோஸோட வந்தாங்க. எடுத்து முடிச்சதும் லோரிக்காரர், "தம்பி, ஒடனே தண்ணி ரொப்பிடுங்க"ன்னாரு. கரெக்ட்தான், இங்க வயக்காட்டு மண்ணு, மழை பெஞ்சா கொஞ்சம் தோண்டினாலே தண்ணி ஊறும், காலி டேங்க் லேசு, மண்ணத் தள்ளிக்கிட்டு மிதந்து மேல வந்துரும், பைப்பெல்லாம் பிச்சுக்கும். இத டேங்க் போட்டவரு சொல்லல, டைல்ஸ் கலர் மட்டும் மூணு தடவை கேட்டாரு.

இன்னொன்னு, டேங்குக்குப் போறது கக்கூஸ் தண்ணி மட்டும்தான். பாத்திரம் கழுவுறது, குளிக்கிறது, துணி துவைக்கிறது எல்லாம் நேரா லோங்காங் (சாக்கடை வாய்க்கால்)தான். டேங்க்ல இருந்து வர்றதும் ஒண்ணும் சுத்தத் தண்ணி இல்ல, பாதி வேலைதான் முடிஞ்சிருக்கும். 2009 கழிவுநீர் சட்டத்துல 'ஸ்டாண்டர்ட் A'ன்னா பிஓடி (தண்ணியில மக்குற அழுக்கு எவ்வளவு மிச்சம்னு காட்டுற அளவு) லிட்டருக்கு 20 மில்லிகிராம், இது அதுக்குக் கிட்டயே வராது. அதுக்காக டேங்க் மேல கோவப்பட்டு என்ன பண்றது, அது செய்யுறேன்னு சொன்னதச் செய்யுது.

நியாயமாப் பாத்தா அஞ்சுக்கு நாலரை. இன்னைக்கு இருக்கிற கடுப்புல ரெண்டுதான் தருவேன், வேணாம்டான்னும் சொல்லுவேன். இல்ல போட்டே தீருவேன்னா வாசப்பக்கமா போடு, மூடி வெளிய தெரியட்டும், அசிங்கமா இருந்தா மேல ஒரு பூச்சட்டி வெச்சுக்க, சிமெண்ட் கலக்குற அன்னிக்கு மட்டும் லீவு போட்டுட்டு பக்கத்துலயே நில்லு.