தேசிய நூலகத்தின் 9வது தளம்: ஆய்வு வட்டத்துக்கு ஏற்ற இடமா?

துறையிலேயே தான் ஒருவர்தான் தமிழர் என்ற தனிமையில் இருக்கும் முனைவர் பட்ட மாணவர்களும் ஒப்பந்த ஆய்வாளர்களும் கூடி எழுத, சிங்கப்பூர் விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தின் 9வது தளம் அருமை. தமிழ் நூல்கள் கையெட்டும் தூரத்தில் இருக்கின்றன. இரவல் மட்டும் கிடையாது.

நாலைந்து பேர் போதும். 50 நிமிடம் எழுத்து. மேலே சத்தமாகப் பேச முடியாது, அதனால் பேச்சுக்குக் கீழே இறங்கிவிடுங்கள். ஆளுக்கு 10 நிமிடம், இளையவர் முதலில். மூத்தவர் தொடங்கினால் அறிவுரைக் கூட்டமாகிவிடும். அப்புறம் ஒப்பந்த நீட்டிப்பு, வேலை அனுமதி பற்றிய இளையவரின் பயமெல்லாம் வெளியே வராது. வட்டம் உடைவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: மேற்பார்வையாளரின் பெயரைச் சொல்லிப் புலம்புவது. சின்ன ஊர், சொன்னது போய்ச் சேர்ந்துவிடும். நடந்ததைச் சொல்லுங்கள், பெயர் வேண்டாம்.

குளிர்சாதனம் கடுமை; மேலங்கி எடுத்துச் செல்லுங்கள்.