கையில் பிடிக்கும் லேசர் வெல்டிங் மெஷின்: ஒரு வருடம் ஓட்டிய பிறகு

கோவையில் எங்களுக்குச் சின்னப் பட்டறை. ஹோட்டல், கேன்டீன்களுக்கு எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) சிங்க், வேலை மேஜை, ட்ராலி செய்து கொடுக்கிறோம். போன வருடம் 1500 வாட் ஃபைபர் லேசர் வெல்டிங் மெஷின் ஒன்று வாங்கினோம். வாங்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள், அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

18 கேஜ், அதாவது ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல் கனமுள்ள, 304 ரக எஸ்.எஸ். தகட்டில் ஆர்கான் வெல்டிங் (ஆர்கான் வாயு பாய்ச்சி மின்பொறியில் உருக்கி ஒட்டுவது) போட்டால் என்ன பாடு என்று தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். சூடு பரவித் தகடு நெளியும், சுற்றிலும் நீலமும் கறுப்புமாகக் கறை ஏறும், அதைத் தட்டி நிமிர்த்தி, கிரைண்ட் செய்து, பஃபிங் அடித்து மெருகேற்றி முடிப்பதற்குள் வெல்டிங்குக்கு ஆன நேரத்தைவிட அதிகம் போய்விடும். லேசரில் சூடு மெல்லிய கோட்டோடு நின்றுவிடுகிறது. தகடு நெளிவது மிகக் குறைவு, கறையும் லேசாகத்தான். பஃபிங் வேலை எங்களிடம் பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. புதிதாக வந்த பையனும் பத்து நாளில் நேர்க்கோடு போடக் கற்றுக்கொண்டான்.

ஆனால் விற்க வந்தவர் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. ஆர்கானில் ஓரங்களுக்கு நடுவே அரை மில்லிமீட்டர் சந்து இருந்தால் கம்பி விட்டு நிரப்பிவிடுவோம். லேசர் கற்றை ஊசிமுனை அளவுதான், சந்து இருந்தால் ஓரம் உருகி விலகி ஓட்டை விழுந்துவிடும். கற்றையை ஆட்டும் வசதியும் கம்பி ஃபீடரும் ஓரளவுக்குத்தான் காப்பாற்றும். ஷியரிங் மெஷினில் கத்தரிபோல் வெட்டிக் கையால் பொருத்திய தகடு இதற்குச் சரிப்படவில்லை. முதல் மாதம் நிறைய ஸ்கிராப் போனது, அப்புறம்தான் வெட்டும் வேலையை முழுவதும் வெளியே லேசர் கட்டிங் செய்பவரிடம் ஜாப் ஒர்க்குக்குக் கொடுத்தோம். இப்போது வெட்டுவது லேசர், ஒட்டுவது லேசர், சீரியல் நம்பர் பதிப்பதும் லேசர். ஒரு மெஷின் வாங்குவதாக நினைத்துத்தான் போனோம், பட்டறை முழுக்க ஒளியை நம்பி நிற்கிறது. கணக்குப் போடும்போது இதையும் சேர்த்துப் போடுங்கள்.

நம்பி நிற்பது எவ்வளவு பயம் என்பது ஐந்தாவது மாதம் தெரிந்தது. கையில் பிடிக்கும் கன்னுக்குள் சில நூறு ரூபாய் விலையில் ஒரு பாதுகாப்பு லென்ஸ் இருக்கிறது. அதில் ஒரு தூசி உட்கார்ந்தாலும் அந்த இடம் சூடேறிக் கருகிவிடும், கவனிக்காமல் ஓட்டினால் உள்ளே இருக்கும் விலையுயர்ந்த லென்ஸும் போகும். எங்களுக்குப் போனது. சர்வீஸ் ஆள் வர ஒன்பது நாள், அதுவரை டெலிவரி எல்லாம் நின்றது. இப்போது பத்து லென்ஸ் ஸ்டாக் வைத்திருக்கிறோம், ஃபேனை நிறுத்தி, கை துடைத்த பிறகுதான் மாற்றுகிறோம். மெஷினைக் குளிர்விக்கும் சில்லரில் டிஸ்டில்டு வாட்டர் தவிர வேறு எதையும் ஊற்றாதீர்கள்.

அடுத்தது கண். பழைய கார்பன் டை ஆக்சைடு லேசரின் அலைநீளம் 10.6 மைக்ரான், கற்றையைக் கண்ணாடி வைத்துத் திருப்பித்தான் கொண்டுவர முடியும். ஃபைபர் லேசருக்கு சுமார் 1 மைக்ரான், அதனால் மெல்லிய கண்ணாடி இழைக்குள்ளேயே கை வரை வந்துவிடுகிறது. அதே காரணத்தால்தான் நம் கண்ணின் முன்பாகத்தையும் தாண்டி விழித்திரை வரை போகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒளி, பளபளப்பான எஸ்.எஸ். தகட்டில் பட்டு எந்தப் பக்கமும் தெறிக்கும். சாதாரண வெல்டிங் கறுப்புக் கண்ணாடியை இதற்கு நம்பக் கூடாது, அந்த அலைநீளத்துக்கென்றே வரும் கண்ணாடி வேண்டும், ஓட்டுபவருக்கு மட்டுமல்ல, பக்கத்தில் நிற்பவருக்கும். மெஷினிலிருந்து வரும் கிளிப்பை வெல்டிங் செய்யும் தகட்டில் மாட்டினால்தான் கற்றை வரும் என்று மெஷினிலேயே ஒரு பூட்டு இருக்கிறது. அதை ஷார்ட் செய்து ஓட்டுகிற பட்டறைகளைப் பார்த்திருக்கிறேன், வேலை செய்கிற பையன்களை நினைத்தால் மனசு பதறுகிறது. நாங்கள் தனித் தடுப்பு கட்டித்தான் ஓட்டுகிறோம்.

மெல்லிய தகடு வேலை தினமும் இருந்தால் தைரியமாக வாங்கலாம். விலையைவிட, உங்கள் ஊரிலேயே சர்வீஸ் ஆள் இருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். உங்கள் தகட்டையே எடுத்துப்போய், நீங்கள் வெட்டிய ஓரத்திலேயே டெமோ போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பழைய ஆர்கான் செட்டை மட்டும் விற்றுவிடாதீர்கள், ஸ்டாண்டின் கால் பைப்பில் சந்து விழும் இடங்களுக்கு எங்கள் பட்டறையில் இன்றும் அதுதான் ஓடுகிறது.